ரெய்மண்டுக்கு வைத்த பங்கு

ராயப்பர் திருவிழாக் கொடி இறங்கின மறுநாள் எங்கள் தேரித்துறையில் கரையிலிருந்து கயிறு பிடித்து இழுக்கிற கரைமடி வலையில் மீன் விழுவது நின்றுபோனது, அதற்கடுத்த நாள் ஹெலிகாப்டர் சாமான் விழ ஆரம்பித்தது. முதலில் ஒரு கதவு, பிறகு ஒரு நாற்காலி, பிறகு உள்ளங்கை அகலத்தில் ஒரு பல்சக்கரம், எல்லாம் மெழுகுத்தாளில் சுற்றி, கிரீஸ் பூசி, தகரச் சீட்டில் எண் கட்டி, கடலுக்குள் கிடந்ததற்கு அடையாளமாக ஒரு துளி உப்புக்கூட இல்லாமல், கடையில் வாங்கிவந்தது மாதிரி வந்தன. நாற்பது நாள், முப்பத்தொரு சாமான். எங்கிருந்து வந்தது, யார் போட்டது என்றெல்லாம் வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். நாங்கள் கேட்கவில்லை, மீன் வந்தபோது மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டோமா என்ன?

எங்களுக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. இதை எப்படிப் பங்கு வைப்பது?

பங்கு வைக்கிறவள் நான், கித்தேரி. என் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் அவர் கத்தி எனக்கு வந்தது. பொம்பளை என்னத்தப் பங்கு வைப்பா என்று சிரித்தவர்கள் எல்லாம் ஒரே மாசத்தில் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஏனென்றால் நான் வைத்த பங்கில் ஒரு சாளை கூடியது, ஒரு சாளை குறைந்தது என்று எவனும் விரலை நீட்ட முடியாது. கயிறு பிடிக்கிற வீடு எங்களுக்கு இருபத்துநாலு. மடியில் விழுந்தது சின்னதென்றால் சீட்டு, பெரிசென்றால் கத்தி; ஒற்றைத் திருக்கை விழுந்தாலும் இருபத்துநாலு துண்டாக அறுத்து மணலில் வரிசையாக வைப்பேன், கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கிற ஆள் எந்தப் பங்கு என்று பார்க்காமலே ஒவ்வொரு பேராகச் சொல்ல, அந்தப் பேருக்கு அந்தப் பங்கு. சாமியாரே வந்து கேட்டாலும் வேறு பங்கு கிடையாது.

அப்படித்தான் ஹெலிகாப்டருக்கும் சீட்டுப் போட்டேன். கதவு எங்கள் தெருச் சலேத்துக்கு விழுந்தது, அவள் அதைக் கக்கூசுக்கு மாட்டிக்கொண்டு, நடு ராத்திரியில் பறந்துவிடாமல் இருக்கக் கல் வைத்தாள். முன்கண்ணாடி ஒரு வீட்டில் கோழிக்கூடு ஆனது, கொக்கியும் கம்பி வடமும் கிணற்றடிக்குப் போனது, பல்சக்கரத்தின் மேல் குரூஸ் பெண்டாட்டி சோற்றுப்பானையை இறக்கி வைத்தாள். கரைக்கு வந்து மீன் வகை எழுதுகிற அலுவலர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லையே என்று தலையைச் சொறிந்து, "இதர மீன்" என்று எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். தென்காற்று அடித்தால் எல்லா வீட்டுச் சாமானும் ஒரே நேரத்தில் மெல்ல ரீங்காரம் போடும். பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகிவிட்டன. வயிறு காய்ந்ததுதான் மிச்சம்.

நாற்பதாம் நாள் வந்தது ஷாஃப்ட். கைக்குள் அடங்குகிற பருமன், உள்ளே குழாய் மாதிரிப் பொள்ளல், இருபத்துநாலு சாண் நீளம், வெயிலில் வெள்ளியாய் மின்னியது. என் வீட்டுக்காரர் ரெய்மண்ட் அதைப் பார்த்ததும் கயிற்றைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்தார். அவருடைய வள்ளத்தில் விசிறியைச் சுற்றுகிற ஷாஃப்ட் போன வருசமே வளைந்துவிட்டது, அதைத் தட்டி நிமிர்த்தித்தான் ஆழ்கடலுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

"கித்தேரி, இத மட்டும் அறுக்காத. நான் முழுசா எனக்குன்னு கேக்கல. சீட்டு போடு, யாருக்கு விழுந்தாலும் நான் அவுககிட்டப் பேசிக்கிடுதேன்."

நியாயமான பேச்சுதான். சீட்டுப் போட்டிருக்கலாம். நான் போட வாயெடுத்ததும் உண்மை. அதற்குள் பின்னாலிருந்து சலேத்து, "புருசன் கேட்டா சட்டம் வளையும்போல" என்றாள், இரண்டு பேர் சிரித்தார்கள், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"இது திருக்கைய விடப் பெருசு. பெருசுன்னா கத்திதான்" என்றேன்.

கத்தி ஏறவில்லை. ஹாக்ஸா பிளேடு வாங்கிவரச் சொல்லி, சாண் போட்டு அளந்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து இருபத்துநாலு துண்டாக நானே அறுத்தேன், ஆறு பிளேடு உடைந்தது, உள்ளங்கை கிழிந்தது, நூல் பிடித்தால்கூட வித்தியாசம் தெரியாது. ஊரே மெச்சியது. எங்கள் வீட்டுப் பங்கை ரெய்மண்ட் கையால் தொடவில்லை. அன்றிலிருந்து மூன்று மாதம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பசித்தால் சுவரைப் பார்த்து, "சோறு இருக்கான்னு கேளு" என்பார், நானும் சுவரைப் பார்த்து, "இருக்குன்னு சொல்லு" என்பேன். வீம்பு. எனக்குத்தான் வீம்பு அதிகம், அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி கடைசியில் காற்று திரும்பியது. வள்ளமெல்லாம் கரை வந்துவிட்டது, ரெய்மண்ட் வள்ளம் மட்டும் வரவில்லை, அதில் குரூஸ், வியான்னியோடு சேர்த்து ஏழு பேர். மத்தியானம் என் போன் அடித்தது. இரைச்சலுக்கு நடுவில் அவர் குரல்.

"ஷாஃப்ட் முறிஞ்சிட்டு, கித்தேரி."

மூன்று மாதம் கழித்து என் பேரைச் சொன்னார். என்னங்க, என்னங்க என்று நான் கத்தினேன், எந்தத் திக்கு, எத்தனை பாகம் ஆழம் என்று கேட்டேன், அதற்குள் போன் செத்துப்போனது.

மறுநாள் விடிந்ததும் நாங்கள் பெண்கள் முப்பது பேர் ஒரு டெம்போவில் ஏறிக் கடல் மீட்பு நிலையத்துக்குப் போனோம். கடல் ஆறாள் உயரம் எழும்புகிறது, கப்பல் போயிருக்கிறது, ஆனால் அலைக்குள் கிடக்கிற வள்ளத்தை மேலேயிருந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். மேலேயிருந்து பாருங்களேன் என்றோம். அங்கே தலைமை மெக்கானிக் செண்பகராமன் என்று ஒரு தம்பி, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது, எங்களை உள்ளே கூட்டிப்போய்க் கொட்டகையைத் திறந்து காட்டினார். ஹெலிகாப்டர் மரக்கட்டைமேல் நின்றது. ஒரு பக்கம் கதவில்லை, முன்னால் கண்ணாடியில்லை, வயிறு திறந்து ஓட்டையாய்க் கிடந்தது. பக்கத்து நிலையத்து ஹெலிகாப்டர் மேற்கே ஒரு வெள்ளத்துக்குப் போய்விட்டதாம்.

"ஆறு மாசமா எழுதுதோம் யக்கா. ஸ்பேர் வரும் வரும்னு சொல்லுதாங்க. இந்தாங்க, இதான் வேண்டிய சாமான் பட்டியலு. முப்பத்தொண்ணு" என்று ஒரு தாளை எடுத்து, அவர் படும் பாட்டை நாங்கள் நம்பவேண்டுமே என்று வாசிக்கத் தொடங்கினார். "கதவு, எண் நாலு ரெண்டு ஒம்பது..."

"ஏழு ஏழு ஒண்ணு" என்று நான் முடித்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த எண்ணின் பாதியைச் சொன்னார், மீதியை நான் சொன்னேன். பங்கு வைக்கும்போது தகரச் சீட்டைப் படித்துக் கூவினவள் நான், கூவினது எனக்கு மறக்காது. பத்துப் பதினைந்து எண் போனதும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எங்க யக்கா இருக்கு?"

"எங்க வீடுகள்ல இருக்கு தம்பி. வண்டிய எடுங்க."

அன்றைக்கு ஊர் தன்னைத்தானே பிரித்துப் போட்டது. கோழிகள் மழையில் நனைந்தன. கிணற்று வாளி கயிறில்லாமல் கிடந்தது. வள்ளத்தில் ஆள் போகாத வீட்டுக்காரர்களும் தங்கள் பங்கைக் கொண்டுவந்து போட்டார்கள். சலேத்து கக்கூஸ் கதவைத் தானே கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். செண்பகராமன் ஒவ்வொன்றாகப் பட்டியலில் குறித்துக்கொண்டே வந்தார், முப்பது சரி, முகத்தில் உயிர் வந்தது. "கடைசி ஒண்ணு, வால் விசிறிய சுத்துத ஷாஃப்ட். அது இல்லாம மேல ஏறினா நின்ன இடத்துலயே பம்பரமா சுத்தி விழுந்துரும். அது எங்க யக்கா?"

இருபத்துநாலு வீட்டிலிருந்தும் இருபத்துநாலு துண்டு வந்தது. ஒன்று கதவுக்குத் தாழ்ப்பாள் ஆகியிருந்தது, ஒன்று இஞ்சி இடிக்கிற உலக்கை ஆகியிருந்தது, ஒன்றில் சாமந்தி நட்டிருந்தார்கள். என் மடியிலிருந்த எங்கள் வீட்டுத் துண்டைக் கடைசியாக வைத்தேன். அந்தத் தம்பி மணலில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யாரு அறுத்தது?"

"நான்தான்."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் துண்டுகளை ஒட்டி வரிசையாக வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அளவு சுத்தமா இருக்கு யக்கா. ஆனா பிளேடு தின்ன தூள் அளவு குறையும்" என்றார். இரண்டு விரற்கடை குறைந்தது. அறுத்த இடத்துத் தூளைத் தேடிக் கரை முழுக்க மணலைச் சலித்தால் கிடைக்குமா என்றுகூடக் கேட்டேன், அவ்வளவு புத்தி கெட்டுப்போயிருந்தது எனக்கு.

ஊரிலிருந்த வெல்டிங்காரர்கள் மூன்று பேரும் நிலையத்துக்குப் போய், குறைந்த இடத்துக்கு வேறொரு குழாயை வைத்துப் பற்றவைத்தார்கள். இதை நம்பிப் பறக்கக் கூடாது, சட்டப்படி நான் கையெழுத்துப் போடக் கூடாது என்று செண்பகராமன் சொல்ல, ஓட்டுகிற கேப்டன் ஒட்டுப்போட்ட ஷாஃப்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை தாங்குமா?" என்று மட்டும் கேட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் அது ஏறியது, எங்கள் சாமானெல்லாம் அதன் வயிற்றுக்குள்ளிருந்து பழைய ரீங்காரத்தைப் போட்டுக்கொண்டு தெற்கே போனது, நாங்கள் கரையில் முட்டிபோட்டு நின்றோம்.

ஒரு தடவை தாங்கியது. நாலு பேரைக் கொண்டுவந்தது. இறங்கித் தரையைத் தொட்ட கணத்தில் ஷாஃப்ட் பழையபடி துண்டு துண்டாக உதிர்ந்தது.

நாலு பேரில் ரெய்மண்ட் இல்லை. குரூஸ் இல்லை, வியான்னி இல்லை. வந்தவர்களில் மூத்தவன் என் காலடியில் உட்கார்ந்து சொன்னான்: "நாலு பேருக்குத்தான் எடம்னு மேலருந்து சைகை காட்டினாங்க, கம்பி எறங்கினதும் நாங்க எல்லாருமே தாவினோம் யக்கா. அண்ணன்தான் அதட்டி, வள்ளத்துக் கம்பத்தப் பிடிச்சிக்கிட்டுத் திரும்பி நின்னு, யார் யாரு தொங்குதாங்கன்னு பாக்காம பேர் சொன்னாரு. நாலு பேரு. அவரு பேரு அதுல வரல. அடுத்த தடவை நாங்க வாரோம்னு கையக் காட்டினாரு."

பாவி மனுசா, என்னிடம் மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் என் சட்டத்தையா அங்கே போய்ப் பிடிக்கவேண்டும்? ஓரவஞ்சனை பண்ணியிருக்கக் கூடாதா, உன் பேரை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா, உன்னை யார் கேட்கப்போகிறார்கள்? அழுகை வரவில்லை எனக்கு.

கரைமடியைக் கடலில் விடுங்கள் என்றேன். இந்தக் கொந்தளிப்பில் மடி கிழிந்துபோகும் என்றார்கள். கிழியட்டும், ஒரு ஷாஃப்ட் வந்தால் போதும், கடலுக்கு ஏற்கெனவே தெரியும் நமக்கு என்ன வேண்டும் என்று. இருபத்துநாலு வீடும் கயிறு பிடித்தது, ஆண், பெண், கிழடு கட்டை எல்லாம், உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்தோம், மடி கனத்தது, அப்படியொரு கனம் ஒரு வருசத்தில் கண்டதில்லை. கரையேறியதும் அவிழ்த்துப் பார்த்தால் மீன். வாளை, பாறை, சீலா, நெஞ்சளவு மீன், துள்ளித் துள்ளி மணலெல்லாம் வெள்ளி. ஐந்து மாசமாக மடியில் மீனைக் காணாத ஊர் அதைச் சுற்றி நின்று தலையிலடித்துக்கொண்டு அழுதது. மறுபடி விட்டோம். மறுபடியும் மீன்.

பசித்த பிள்ளைகள் இருக்கின்றனவே, எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டு நிற்பது. பங்கு வை கித்தேரி என்றார்கள். வைத்தேன். கடலில் இருக்கிற ஆளுக்கும் பங்கு உண்டு எங்கள் ஊரில், ஆள் இல்லை என்று ஊர் முடிவு பண்ணும்வரை உண்டு. குரூசுக்கு ஒன்று, வியான்னிக்கு ஒன்று வைத்தேன். பிறகு ரெய்மண்டுக்கு வைத்தேன். இருக்கிறதிலேயே பெரிய சீலாவை எடுத்து வைத்தேன், அதன்மேல் பாறை, அதன்மேல் இன்னொரு பாறை, என் கை நிற்கவில்லை, முழங்கால் உயரத்துக்குக் குவித்தேன். பேர் சொல்லக் கடலைப் பார்த்து நின்ற ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். என் வாழ்க்கையில் நான் வைத்த முதல் கள்ளப் பங்கு அது. சலேத்து தன் பங்கிலிருந்து ஒரு வாளையை எடுத்துவந்து அந்தக் குவியல்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாம் நாள் குரூசின் பங்கு நாறியது. அவன் பெண்டாட்டி அந்த மணலிலேயே விழுந்து புரண்டாள், ஊர் கோயிலில் துக்கமணி அடித்தது. நாலாம் நாள் வியான்னியின் பங்கு. ரெய்மண்டின் பங்கு மட்டும் அப்படியே இருந்தது. கண் தெளிந்து, செவுள் சிவந்து, இப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்தது மாதிரி, ஈ உட்காரவில்லை, காக்காய் இறங்கவில்லை. சாமியார் வந்து குனிந்து முகர்ந்தார், மணியடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், ஊருக்குச் சந்தேகம் தீர்ந்தது, ரெய்மண்ட் உயிரோடு இருக்கிறார். நாலு பேரை எடுத்த இடத்தில் கப்பலுக்கு ஒன்றும் அகப்படவில்லை, காற்று அடங்கினதும் எங்கள் வள்ளங்கள் எல்லாம் தேடப் போயின, நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளியதோ, டீசல் தீர்ந்து திரும்பி வந்தன.

நான் தினமும் அந்தக் குவியலிலிருந்து ஒரு மீனை வாளியில் போட்டு நிலையத்துக்குக் கொண்டுபோனேன். "பாருங்க சார், ஆறு நாளு ஆச்சு, பாருங்க. ஏழு நாளு. எட்டு." கேப்டன் மீனைக் கையில் வாங்கிப் பார்ப்பார், அவருக்கும் கண் கலங்கும், மேலிடத்துக்கு போன் போடுவார். ஒன்பதாம் நாள் அந்தக் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து, செத்துப்போய்விட்டார் என்றால் மாரடித்து அழுதுவிட்டுக் கிடப்பேன், உயிரோடு இருக்கிறவரை எப்படி விட்டுவிட்டு வீட்டுக்குப் போக, நீங்களே சொல்லுங்கள் என்று கத்தினேன். செண்பகராமன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பெட்டி கிளம்பிட்டு யக்கா. முழு ஷாஃப்ட். லாரி வந்துக்கிட்டு இருக்கு."

பத்தாம் நாள் விடியற்காலையில் குவியலுக்குப் பக்கத்தில் படுத்திருந்த எனக்கு நாற்றம் அடித்தது.

முதலில் கை அழுக்கு என்று நினைத்தேன். கையைக் கழுவினேன். கடலிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். பிறகு சீலாவின் கண்ணைப் பார்த்தேன், பால் படிந்திருந்தது, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மீன் எனக்குத் தெரியாதா? உப்பை அள்ளிக் கொட்டினேன். மணலை அள்ளி மூடி, மூடினது தப்பு என்று மறுபடி தோண்டினேன். வெளிச்சம் வர வர ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள், ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை, ஒருவரும் கோயில் பக்கம் போகவில்லை. முதல் காக்காய் இறங்கியபோது சலேத்து செருப்பைக் கழற்றி எறிந்து விரட்டினாள்.

ஒன்பது மணிக்குச் செண்பகராமன் பைக்கில் வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் சிரிப்பு, வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். "மாட்டியாச்சு யக்கா! ஓட்டிப் பாத்தாச்சு! பத்து நாளாச்சே, ஆள் இருக்கான்னு என்ன நிச்சயம்னு மேலிடத்துல கேக்காங்க. மீன் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரச் சொன்னாரு கேப்டன். கெட்டுப்போகலன்னா உடனே கிளப்பிருவோம்."

பத்தடி தூரத்தில் அவர் நின்றுவிட்டார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

நான் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினேன். இத்தனை வருசம் ஒரு சாளை பிசகாமல் பங்கு வைத்தவள்.

"நல்லா இருக்கு தம்பி. போங்க."

அவர் சலேத்தைப் பார்த்தார். "நேத்து மாதிரியே இருக்கு" என்றாள் அவள். சாமியாரைப் பார்த்தார். சாமியார், "நல்லா இருக்கு" என்றார். பின்னாலிருந்து ஒவ்வொரு வீடாக, நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று இருபத்துநாலு வீடும் சொன்னது, குரூஸ் பெண்டாட்டியும் சொன்னாள்.

செண்பகராமன் கடற்கரையில் பிறந்த பிள்ளைதான். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார், போனை எடுத்தார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "சார், மீன் நல்லா இருக்கு சார். கிளப்புங்க" என்றார்.

அரைமணி நேரத்தில் அது கோயில் கோபுரத்துக்கு மேலே வந்து, எங்களை ஒரு சுற்றுச் சுற்றி, தெற்கே போனது. எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குவியலுக்குப் பக்கத்தில் நின்று காக்காய் விரட்டிக்கொண்டிருந்தேன்.